நாற்பது நிமிடக் கோபம்

பதினேழாவது வாக்கியத்தில் செண்பகவல்லியின் பென்சில் நின்றுவிட்டது. அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியது. கல்லூரியிலிருந்து வந்திருந்த ஹில்டா என்கிற பெண் கொடுத்த தாளில் முப்பத்திரண்டு வாக்கியங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரில் நாலு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும். தோதான கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இந்தப் பெண்கள் சிறையில் யாருக்கு எவ்வளவு கோபம் இருக்கிறது என்று அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாளாம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரிதான், நாக்குக்கு அடியில் வைக்காமல் தாளில் வைக்கிறார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வரும், ஒருபோதும் இல்லை. பிறர் முன்னால் என்னைத் திட்டினால் கொதித்துப்போவேன், ஒருபோதும் இல்லை. கொதிக்கவே கொதிக்காத மனுஷி, ஐஸ்பெட்டியில் வைத்து வளர்த்த மாதிரி. இப்படித்தான் போடவேண்டும் என்று நேற்றுச் சாயந்தரம் கைதிகள் எண்ணிக்கைக்கு நிற்கும்போதே தலைமைக் காவலர் ஜெயக்கொடி அம்மா சொல்லிவிட்டார். "எல்லாரும் முதல் கட்டத்துலயே போட்டுட்டு எந்திரிச்சிரணும். சூப்பரண்டு மேடம் பாப்பாங்க. ரிலீஸ் லிஸ்ட்டுல பேர் இருக்கிறவளுக நல்லாக் காதுல வாங்கிக்கங்க." லிஸ்ட்டில் இருந்தது மூன்று பேர். சொல்லும்போது அந்த அம்மா பார்த்தது செண்பகவல்லியை மட்டும். பதினாலு வருஷம் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் விடுதலைக் குழு கூடுகிறது, குழுவில் உட்காருகிறவர்கள் தலையை ஆட்டினால் அவள் வீட்டுக்குப் போகலாம். பதினாறு டிக் போட்டாகிவிட்டது, இன்னும் பதினாறு டிக் போட்டால் ஆயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

என் கோபம் நெடுநேரம் நீடிக்கும். இதுதான் பதினேழு. மற்ற வாக்கியமெல்லாம் கேட்டதும் வாய் தானாக இல்லை என்றது. இது மட்டும் தொண்டையில் முள் மாதிரி நின்றது. நெடுநேரம் என்றால் எவ்வளவு நேரம்? தையல் கூடத்தில் மெஷின்களையெல்லாம் நிறுத்தி, உறை போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். மெஷின் எண்ணெய் வாசனையும் புதுக் காக்கித் துணியின் கஞ்சி வாசனையும் கலந்து அடித்தது. போலீஸ்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது இந்தக் கைதிகள்தான். இந்தக் கூத்தைச் சொன்னால் வெளியில் யாராவது நம்புவார்களா என்று தெரியவில்லை. சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு, கட் பண்ணும் அட்டையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்திருந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும். ஒரு நிமிடம் நெடுநேரமா? பதினெட்டுக்குப் போய்விட்டு அப்புறம் இதற்கு வரலாம். பதினெட்டு, கோபத்தில் பொருட்களை உடைக்க வேண்டும்போல் இருக்கும். இதைக் கொஞ்சம் முன்னாடி கூட இருக்கும் கைதி பேச்சியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "இங்க ஒடைக்க என்னட்டி இருக்கு? அலுமினியத் தட்டுதான இருக்கு. அது நசுங்கும், ஒடையாதுல்லா," என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆறு பேருக்கு வாசித்துக் காட்டி டிக் போட்டது செண்பகவல்லிதான். எட்டாவது படித்த பாவத்துக்கு இந்த பிளாக்கில் மனு எழுதுவது, கடிதம் வாசிப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழும். பதினெட்டையும் விட்டாள். கண் பதினேழுக்கே திரும்பி வந்தது. நெடுநேரம் என்றால் எவ்வளவு என்று ஒருத்தர் அவளுக்கு ஏற்கெனவே அளந்து சொல்லியிருக்கிறார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். நாற்பது நிமிடம் என்றார்.

நாற்பது நிமிடம் என்பது பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வரைக்கும் டவுன் பஸ் போகிற நேரம். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் தங்கச்சி பூமாரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பூமாரி வேலை பார்த்த பட்டாசு ஷெட் வெடித்து அன்றைக்கு மூன்றாம் நாள். வெயில் நேரத்தில் வெடிமருந்து கலக்க மாட்டோம் என்று பொம்பளைகள் சொன்னதற்கு, கலக்காதவள் நாளைக்கு வரவேண்டாம் என்றான் போர்மேன் குருவையா. கலந்தார்கள். உடம்பெல்லாம் கட்டுப் போட்டு, பஞ்சுப் பொதி மாதிரி கிடந்தாள் பூமாரி. வெளியில் தெரிந்தது கண்ணும் வாயும் இடது கைப் பெருவிரலும்தான். அந்தப் பெருவிரல் நீலமாக இருந்தது. என்னடி இது என்று கேட்டதற்கு, "குருவையா அண்ணன் வந்துச்சுக்கா. ஏதோ பேப்பர்ல உருட்டுச்சு," என்றாள். வீட்டில் சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்துக்கொண்டது என்று அந்தப் பேப்பரில் எழுதியிருந்ததை நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள். பூமாரி பத்தாவது பாஸ். பெயரை வளைத்து வளைத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுவாள், ஊரில் அந்தக் கையெழுத்துக்கே ஒரு பெயர் உண்டு. அவள் விரலைப் பிடித்து உருட்டியிருக்கிறான். "யக்கா, இதத் தொடச்சு விடேன், பெசபெசங்குது," என்றாள். செண்பகவல்லி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். மை பாதிதான் வந்தது. மீதி விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தா வந்துர்றேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையில் ஒட்டியிருந்த நீலத்தை நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டே போனாள். அந்த நாற்பது நிமிடத்தில் கோபம் எந்த ஸ்டாப்பிலும் இறங்கவில்லை. விலக்கில் அவளோடுதான் இறங்கியது, அவளோடுதான் குருவையா வீட்டு வாசல் வரைக்கும் நடந்தது. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அவன் வீட்டு முற்றத்தில் அம்மிக்குழவி கிடந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் இல்லை என்று எந்த இடத்திலும் சொன்னதில்லை. பூமாரி மறுநாள் போய்விட்டாள். அப்போது செண்பகவல்லி ஸ்டேஷனில் இருந்தாள், முகத்தைப் பார்க்க விடவில்லை.

கோர்ட்டில் என்ன ஆயிற்று என்றால், கோபத்தை நிறுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல் நல்ல மனுஷன், வெற்றிலை போடுவார். கூண்டில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தார்: "கண்ணு மண்ணு தெரியாத ஆத்திரம் வந்துச்சுய்யா, என்ன செஞ்சேன்னே தெரியலன்னு சொல்லும்மா. திடீர்னு வந்த கோபம்னு நிரூபிச்சாப் பத்து வருஷத்தோட போயிரும்." அவளும் சொன்னாள். கோபத்தைக் காட்டினால் தண்டனை குறையும் என்றார்கள், காட்டினாள். அப்புறம்தான் அந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். அரசுத் தரப்புச் சான்றாவணம் ஒன்பது. கண்டக்டரும் வந்து சாட்சி சொன்னான். பொய் சொல்லவில்லை அவன், நடந்ததைத்தான் சொன்னான். இந்த அம்மா டிக்கெட் வாங்கினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், நடுவில் ஒரு பிள்ளைத்தாச்சி ஏறியபோது நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். தீர்ப்பில் அதையெல்லாம் எழுதினார்கள். நாற்பது நிமிடம் பேருந்தில் அமைதியாக அமர்ந்து, சக பயணிக்கு இடமும் அளித்த ஒருவர் திடீர் ஆத்திரத்துக்கு ஆட்பட்டிருந்தார் என்பது ஏற்கத்தக்கதல்ல. கோபம் ஆறுவதற்குப் போதுமான அவகாசம் இருந்திருக்கிறது. ஆயுள். அடப்பாவிகளா, கோபம் பஸ்ஸில் வரக்கூடாதா? அவள் ஊரில் கலியாணத்துக்கும் பஸ்தான், கருமாதிக்கும் பஸ்தான். கார் வைத்திருக்கிறவன் கோபம் அஞ்சு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் அது திடீர்க் கோபம், டவுன் பஸ்ஸில் போகிறவள் கோபம் திட்டமிட்ட கொலை. பிள்ளைத்தாச்சிக்கு இடம் கொடுத்தது குற்றமா? அந்தப் பொம்பளைமேல் இவளுக்கு என்ன கோபம்? அதே வாரம், வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரனைக் குத்தின ஒருத்தனுக்கு ஏழு வருஷம். அவன் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவன். ஆம்பளைக் கோபம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் சூடு குறையாது போலிருக்கிறது. இதைப் பதினாலு வருஷமாக அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள். சட்டைக்குக் கைவைத்துத் தைக்கும்போது சொல்வாள், கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது சொல்வாள். சொல்லச் சொல்ல அது தேயவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்," என்றாள் ஹில்டா. முடிந்த தாள்களை மேஜையில் புரட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து செண்பகவல்லிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. முகம் வாடியிருந்தது. "எல்லாரும் முதல் கட்டத்துலயே போட்டிருக்காங்க." செண்பகவல்லி அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "அதுகூடப் பரவால்லக்கா. ரெண்டாம் பக்கம் பாருங்க. 'கோபம் வந்தாலும் பொறுமையாக இருப்பேன்.' ஒருபோதும் இல்லை. 'பிறரோடு அமைதியாகப் பேசுவேன்.' ஒருபோதும் இல்லை. இருபத்தஞ்சுலேர்ந்து கேள்வி அப்படியே தலைகீழா வரும்க்கா. நாப்பத்திமூணு தாளும் இப்படித்தான் இருக்கு." செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜெயக்கொடி அம்மா இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய நாற்பத்துமூன்று பேர், முதல் கட்டம் என்றால் முதல் கட்டம், கேள்வியில் பூனை இருந்தால் என்ன யானை இருந்தால் என்ன. அவளும் ஆறு பேருக்கு அப்படித்தானே வாசித்துப் போட்டாள், வாசிக்கும்போது நாக்கு ஓடியது, காது கேட்கவில்லை. "அப்ப எங்களுக்குக் கோபமும் இல்ல, பொறுமையும் இல்லன்னு வருதோ?" என்று கேட்டாள். "ஆமாக்கா." சுவரோரம் சாய்ந்திருந்த பேச்சியம்மா அங்கிருந்தே, "ரெண்டும் இல்லன்னா வேற என்னதான் இருக்காம் நம்மகிட்ட? அதையும் கேட்டுச் சொல்லு," என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹில்டாவும் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

"ஆம்பளைங்க ஜெயில்ல போன வாரமே முடிச்சிட்டோம்க்கா," என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி. "அங்க எல்லாரும் மூணு, நாலுன்னு தாராளமாப் போட்டாங்க. இந்தத் தாளையும் இப்படியே கொண்டுபோனா ஆண்களுக்குக் கோபம் அதிகம், பெண்களுக்குக் கிடையாதுன்னுதான் முடிவு வரும். அப்படித்தான் அச்சாகும்." இதைக் கேட்டதும் செண்பகவல்லிக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆம்பளைகளுக்கென்ன, மீசை மாதிரி கோபமும் முகத்தில் இருந்தால் கௌரவம். கோபக்காரன் என்று சொன்னால் நெஞ்சை நிமிர்த்துவான். அதே சொல்லைப் பொம்பளைக்குச் சொன்னால் அடங்காதவள். குருவையாவும் பெரிய கோபக்காரன்தான், ஷெட்டில் அவன் குரல் கேட்டாலே கை நடுங்கும் என்று பூமாரி சொல்வாள். அவன் கோபத்துக்கு மருந்து கலந்தார்கள், இவள் கோபத்துக்குத் தாளில் இடமே இல்லை என்கிறார்கள். "இது ஆபீசுக்குப் போகாதுன்னு சொன்னியே பாப்பா, நெசந்தானா?" "நான் காட்ட மாட்டேன்க்கா. பேரே கேக்கலையே, நம்பர்தான போட்டிருக்கு." அந்த நம்பரை எண்ணிக்கை வரிசைப்படி உட்காரவைத்துக் கொடுத்தது யார் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பதினொன்று யார், இருபத்திரண்டு யார் என்று ஜெயக்கொடி அம்மா தூக்கத்தில்கூடச் சொல்லுவார். இவள் காட்டாவிட்டால் அவர் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

அடுத்த மாதம். அடுத்த மாதம் என்று நினைத்ததும் மகள் ஞாபகம்தான் வந்தது. மகள் சுகந்தி போன மனுவுக்கு வந்திருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக் கத்திப் பேசவேண்டிய பதினைந்து நிமிடத்துக்கு இங்கே மனு என்று பெயர். அம்மாவைப் போலீஸ் கூட்டிப்போகும்போது அவளுக்கு ஆறு வயசு, இப்போது இருபது. துணிக்கடையில் நிற்கிறாள், காலில் வெடிப்பு. "வாடகைக்கு ஒரு வீடு பாத்திருக்கேம்மா. சன்னலத் தொறந்தா வேப்பமரம். ஒனக்குக் கட்டில்கூட வாங்கியாச்சு," என்றாள். அப்புறம் வலையில் விரலைக் கோத்துக்கொண்டு, "யம்மா, வந்துரும்மா. சித்தியப் பத்தி, பஸ்ஸப் பத்தியெல்லாம் யாருகிட்டயும் எதுவும் பேசிக் கெடுத்துறாத. கேட்டா, இல்லைன்னு சொல்லிட்டு வந்துரு. நீ வந்தாப் போதும்," என்றாள். அந்த விரல்களைத் தொட முடிந்தது, நுனிகளை மட்டும். செண்பகவல்லிக்கு வீட்டுக்குப் போகவேண்டும். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கவேண்டும், கதவைத் தானே உள்ளே தாழ் போடவேண்டும், சுகந்தியின் காலை மடியில் வைத்து வெடிப்புக்கு எண்ணெய் தடவிவிடவேண்டும். ஒரு டிக்தானே. முதல் கட்டம். போட்டுவிட்டுப் போ. பென்சிலைக் கட்டத்துக்குமேல் கொண்டுபோனாள். என் கோபம் நெடுநேரம் நீடிக்கும், ஒருபோதும் இல்லை. அப்படியானால் அந்த நீதிபதி சொன்னது சரி. பஸ்ஸிலேயே ஆறிவிட்டது. ஆறின மனசோடு, கணக்காக நடந்துபோய், கணக்காகக் குழவியைத் தூக்கினாள். பூமாரியின் விரல் மை இவளை நாற்பது நிமிடத்துக்குக்கூட உலுக்கவில்லை. அன்றைக்குக் கோபம் இருந்தது என்று சொன்னபோது நம்பவில்லை, இன்றைக்குக் கோபமே கிடையாது என்று சொன்னால் உடனே நம்புவார்கள், கதவைக்கூடத் திறந்துவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் அவர்களுக்குத் தேவையான அளவில் தேவையான கோபத்தை எடுத்துக் காட்டவேண்டுமாக்கும், கொடுக்கிற அளவுக்குச் சட்டை தைக்கிற மாதிரி. சுகந்திக்கு என்ன பதில் சொல்வது? வேப்பமரம். கட்டில். பிள்ளை வலையில் விரல் கோத்தது. பென்சில் முனை தாளில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது. புள்ளியைப் பார்த்தாள். அந்தப் பொய்யைப் போட்டுவிட்டு வெளியே போனால், அந்தக் கட்டிலில் படுக்கப்போவது யார்? தன் சித்தியின் சாவுக்குச் சூடு சொரணை இல்லாத ஒருத்தியைத்தான் சுகந்தி வீட்டில் வைத்துக்கொள்வாள், அது செண்பகவல்லி இல்லை. பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. பயத்தோடேயே பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பாப்பா, பேனா இருக்கா?" என்று கேட்டாள்.

"தப்பாயிட்டா அழிச்சுக்கலாம்னுதான்க்கா பென்சில் குடுத்தேன்."

"அதுக்குத்தான் கேக்கேன். அழியாததா ஒண்ணு குடு."

ஹில்டா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நீல மை. அதைக் கண்டதும் செண்பகவல்லியின் கை ஒரு நொடி தயங்கியது, அப்புறம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பென்சிலில் போட்டிருந்த பதினாறு டிக்கையும் ரப்பரால் அழித்தாள். தாள் லேசாகக் கறுத்தது. மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதினேழுக்கு வந்து, நாலாவது கட்டத்தில் டிக் போட்டாள். எப்போதும். அதோடு நிற்க மனசு வரவில்லை. பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினாள்: பஸ்ஸில் நாற்பது நிமிடம் இருந்தது. இப்போது பதினாலு வருஷம் ஆகிறது. இன்னும் இருக்கிறது. கீழே நம்பர் இருந்த இடத்தில் நம்பரை விட்டுவிட்டு செ. செண்பகவல்லி என்று எழுதி, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். அவள் கையெழுத்தில் அந்தக் கோடு இதற்கு முன்னால் இருந்ததில்லை.

தாளின்மேல் நிழல் விழுந்தது. ஜெயக்கொடி அம்மா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. குனிந்து, வாய்க்குள்ளேயே வாசித்தார். கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருந்தன. அவர் கெட்டவர் இல்லை, சுகந்தி வருகிற அன்றைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேச விடுவார். "என்னடி பண்ணி வச்சிருக்க? ஒனக்குக் கிறுக்கா? அடுத்த மாசம் ஒன் பேரு வருது, தெரியுமா தெரியாதா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் போட்டேன்."

"மேடம் பாத்தா என்ன ஆகும்?"

"படிக்கட்டும்மா. கோர்ட்டுல சொன்னப்ப யாரும் எழுதிக்கல. இப்ப நானே எழுதிட்டேன்."

ஜெயக்கொடி அம்மா தாளைப் பிடுங்குவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். செண்பகவல்லியே தாளை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள், இரண்டு கையாலும், நேராக. அவர் வாங்கவில்லை. ஹில்டாவை ஒருதரம் பார்த்தார், "எண்ணிக்கைக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு," என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். செண்பகவல்லி தாளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். வேப்பமரம் போச்சா, இல்லை இருக்கிறதா, அதை இனிமேல் குழுதான் சொல்லவேண்டும். ஆனால் தொண்டையில் நின்ற முள் இறங்கியிருந்தது. அதை அவளால் திட்டமாகச் சொல்ல முடியும்.

பேச்சியம்மா சுவரோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். பெற்ற மகளை எரித்த மாப்பிள்ளைக்குச் சோற்றில் பூச்சிமருந்து வைத்தவள், வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. டிக் போடாத புதுத் தாள் ஒன்றை ஹில்டாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ஏட்டி, நீ எதுல போட்ட?"

"நாலாவதுல."

"அது என்னதுட்டி?"

"எப்பவும்."

பேச்சியம்மா அந்தக் கட்டத்தையே உற்றுப் பார்த்தாள். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தொட்டு எண்ணினாள். "அதுக்கு மேல இல்லியா?"

"இல்லக்கா. நாலுதான் குடுத்திருக்காங்க."

"எனக்குப் பத்தாதே," என்றாள் பேச்சியம்மா. "ஓரத்துல எடம் கெடக்குல்லா. ஒண்ணு கூடப் போட்டுத் தா."

செண்பகவல்லி ஹில்டாவைப் பார்த்தாள். ஹில்டா தடுக்கவில்லை. மெஷின்மேல் கிடந்த தையல் ஸ்கேலை எட்டி எடுத்து, தாளின் ஓரத்தில் வைத்து, செண்பகவல்லி நீல மையால் ஐந்தாவது கட்டத்தைப் போட ஆரம்பித்தாள். பேச்சியம்மாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தாளோடு வந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னொருத்தி. பன்னிரண்டு மணி அடித்தது. "எந்திரிங்கடி, வரிசைக்கு வாங்க, முடிஞ்சிருச்சுல்ல?" என்று வாசலிலிருந்து ஜெயக்கொடி அம்மா குரல் கொடுத்தார்.

"இன்னும் முடியலம்மா," என்றாள் செண்பகவல்லி, தலை நிமிராமல், கட்டத்தின் நாலாவது பக்கக் கோட்டை இழுத்துக்கொண்டே.